பெங்களூரு மழைக்கு வீட்டையும் பாலிசியையும் தயார் செய்வது: முழுமையான வழிகாட்டி

2022 செப்டம்பர் முதல் வாரம். ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். கீழ் பாத்ரூமில் தண்ணீர் போகிற ஓட்டையிலிருந்து களக், களக் என்று சத்தம். எலி ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து விளக்கைப் போட்டேன். சல்லடை மூடியைத் தள்ளிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. வாசலில் மணல் மூட்டை அடுக்கி வைத்திருந்தோம், அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. தெருத் தண்ணீர் அந்த மூட்டையைத் தொடக்கூட இல்லை. சாக்கடைத் தண்ணீர் பின்பக்கமாக வந்து, விடிவதற்குள் ஹாலில் கணுக்காலுக்கு மேல் நின்றது.

வீட்டுக்குப் பாலிசி இருந்தது. பணமும் வந்தது, ஆனால் நான் கேட்டதில் பாதிக்குச் சற்று மேல்தான். விட்டுப்போனதற்குக் காரணம் கம்பெனி மட்டுமில்லை, நானும்தான். வாஷிங் மெஷினை, சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வருவதற்கு முன்பே காயலான் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன். மாடிப் படுக்கையறைக் கூரையில் இருந்த கறையையும் மழைக் கணக்கில் எழுதிவிட்டேன். சர்வேயர் அண்ணாந்து பார்த்தார். "சார், இது மூணு வருஷத்துக் கறை" என்றார். அவர் சொன்னது சரி.

அந்தக் கறையில்தான் இந்த விஷயத்தின் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது. வீட்டுக் காப்பீடு திடீரென்று நடப்பதற்குத்தான் பணம் தரும். வெள்ளம், புயல்காற்று, மரம் விழுவது, குழாய் வெடிப்பது எல்லாம் அந்த வகை. மெல்ல மெல்ல ஊறுகிற ஓதம், வருடக்கணக்கில் விரியும் விரிசல், ஆயுள் முடிந்த வாட்டர்ப்ரூஃபிங் ஆகியவை வீட்டுக்காரர் பாடு. எது எந்தப் பக்கம் என்று மழைக்கு முன்பே பிரித்துவிட்டால், கைக்காசை எங்கே போடுவது, பாலிசியை எதற்கு நம்புவது என்பது தன்னால் தெளிவாகிவிடும்.

மேட்டு ஊரில் ஏன் வெள்ளம்

கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊரில் வெள்ளம் எப்படி வரும் என்று திருப்பத்தூரிலிருந்து சித்தப்பா ஃபோன் பண்ணிக் கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கே பெரிய ஆறு கிடையாது. ஏரிகள்தான். ஒரு ஏரி நிரம்பினால் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலி மாதிரி அமைத்திருந்தார்கள். அந்தக் கால்வாயைத்தான் ராஜகாலுவே என்கிறார்கள். சங்கிலியில் பல கண்ணிகள் இன்று லேஅவுட்டாகவும் சாலையாகவும் மாறிவிட்டன. தண்ணீர் பழைய பாதையிலேயே வருகிறது, நடுவில் நம் வீடு நிற்கிறது, அவ்வளவுதான்.

2022 செப்டம்பர் 5 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நகரத்தில் 131.6 மில்லிமீட்டர் மழை. சர்ஜாப்பூர் ரோடு ரெயின்போ டிரைவ் லேஅவுட்டில் கோடிக்கணக்கில் போகும் வில்லாக்காரர்கள் டிராக்டரில் ஏறி வெளியே வந்தார்கள். எலஹங்கா கேந்திரீய விஹார் குடியிருப்பு 2021 நவம்பரிலும் மூழ்கியது, 2024 அக்டோபரிலும் மூழ்கியது. 2024 ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111.1 மில்லிமீட்டர் பெய்து 1891-இன் ஜூன் சாதனையை முறித்தது. அன்று மரங்கள் விழுந்தது தனிக்கதை.

இதிலிருந்து ஒரு காலண்டர் போட்டுக்கொள்ளலாம். ஏப்ரல், மே மாதங்களில் மாலைநேர இடிமழை. காற்றும் ஆலங்கட்டியும் சேர்ந்து வரும், மரம் விழுவது அதிகம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கனமழை. நவம்பர், டிசம்பரில் சென்னைப் பக்கம் புயல் வந்தால் இங்கே மூன்று நாள் விடாத குளிர்த் தூறல். வெள்ளம் வராமல் போகலாம், ஆனால் கசிவு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது அந்தத் தூறல்தான். வேலைகளை மார்ச்சில் தொடங்குங்கள். மே மாதத்தில் மேஸ்திரி கிடைக்கமாட்டார்.

முதல் படி: தண்ணீர் எந்த வழியாக வரும்?

ஒரு நாள் காலையில் டீ டம்ளரோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீருக்கு நான்கு வழி உண்டு. மேலே கூரை, பக்கவாட்டில் ஜன்னல், எதிரே தெரு, கீழே சாக்கடை. பெரும்பாலானவர்கள் தெருவை மட்டும் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

தெருவுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய், ஒன்றை வாங்குங்கள். ஒரு முனையைச் சாலையின் நடுவிலும் மறுமுனையை வாசப்படியிலும் பிடித்து, இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டு, வீடு கட்டியபோது இரண்டடி தாழ்வாக இருந்த சாலை இன்று ஏழு அங்குலம்தான் தாழ்வு. டியூப் பிடித்துப் பார்க்கும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் இது உறைக்கவில்லை.

சாலைக்கும் வாசலுக்கும் ஓரடிகூட வித்தியாசம் இல்லையென்றால் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு மேடு கட்டுவது, அல்லது கேட்டின் இரு பக்கமும் இரும்புச் சட்டம் பதித்து மழைக்காலத்தில் பலகை இறக்குவது பலன் தரும். மணல் மூட்டை கடைசிபட்சம். பக்கத்தில் ராஜகாலுவே இருந்தால் அதன் தடுப்புச்சுவர் எங்கே உடைந்திருக்கிறது என்பதையும் பார்த்து, ஃபோட்டோவோடு மாநகராட்சியின் 1533 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: மொட்டை மாடி

தண்ணீர் போகிற வாய்கள்தான் முதலில். குல்மோஹர், தூங்குமூஞ்சி மரத்து இலைகள் பொடிப்பொடியாக உதிர்ந்து மழைநீர்க் குழாயின் வாயில் அப்பிக்கொள்ளும். ஒரு மணிநேர மழையில் மாடி குளமாகிவிடும். சல்லடை போட்டு, ஏப்ரலிலிருந்து வாரம் ஒருமுறை கூட்டுங்கள். ஒரு பக்கெட் தண்ணீரை வாயில் ஊற்றினால் கீழே குழாயில் உடனே வர வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது.

அப்புறம் வாட்டம், அதாவது தளத்தின் சரிவு. மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து மாடிக்குப் போய், தேங்கி நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அங்கேதான் நாளைக்கு ஒழுகும். விரிசல் பெரும்பாலும் தளத்தின் நடுவில் இருக்காது. தளமும் கைப்பிடிச்சுவரும் சேருகிற மூலை, சோலார் ஹீட்டர் குழாய் இறங்கும் இடம், டிஷ் ஆன்டெனாவுக்கு போல்ட் அடித்த இடம் ஆகிய மூன்றையும்தான் பார்க்க வேண்டும். வாட்டர்ப்ரூஃபிங் செய்தால், வேலை முடிந்ததும் குழாய் வாய்களை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் முழுக்கக் கட்டி நிறுத்தச் சொல்லுங்கள். கீழே கூரையில் ஈரம் தட்டவில்லை என்றால்தான் மீதிப் பணம். இந்தச் சோதனைக்கு முகம் சுளிக்கிற கான்ட்ராக்டரை அங்கேயே கைகழுவிவிடலாம்.

பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் காலியாக இருக்கும்போது மே மாதக் காற்றுக்குப் பறக்கும், கட்டி வையுங்கள். தகரக் கூரைக்கும் அதேதான். பக்கத்து வீட்டுக் கார் மேல் போய் விழுந்தால் அது வேறு வழக்கு.

மூன்றாம் படி: கீழிருந்து வருவதைத் தடுப்பது

எங்கள் வீட்டை மூழ்கடித்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெரு மேன்ஹோலில் தண்ணீர் நிரம்பி, அதன் மட்டம் உங்கள் பாத்ரூம் தரையைவிட உயர்ந்துவிட்டால், சாக்கடைக் குழாயில் ஓட்டம் திரும்பிவிடும். வாசலில் எத்தனை மூட்டை அடுக்கினாலும் பிரயோஜனமில்லை. இதற்கு மருந்து நான்-ரிட்டர்ன் வால்வு. வீட்டின் கடைசிச் சேம்பருக்கும் (மூடி போட்ட சிறு சாக்கடைத் தொட்டி) தெரு இணைப்புக்கும் நடுவே குழாயில் பொருத்துவார்கள். உள்ளே ஒரு மடக்குத் தகடு இருக்கும். வெளியே போகிற தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வரும் தண்ணீர் அதையே அழுத்தி மூடிவிடும்.

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். வால்வு கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சேம்பருக்குள் இருக்க வேண்டும், மண்ணுக்குள் புதைத்துவிட்டால் சுத்தம் செய்ய முடியாது. தகட்டில் முடியோ துணியோ சிக்கினால் மூடாது, ஆகவே மழைக்கு முன் ஒருமுறை திறந்து கழுவ வேண்டும். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மாடியில் குடியிருப்பவர் அந்த நேரம் பார்த்துக் குளித்தால், அந்தத் தண்ணீர் உங்கள் பாத்ரூமில்தான் பொங்கும். மழை ராத்திரிகளில் மாடிக்காரருக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் மாடியில் இருக்கும் கன்னடக்கார அம்மாவுக்கு இப்போது அது மனப்பாடம்.

வால்வு போட வசதியில்லாத வாடகை வீட்டில், கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி, கழிப்பறைக் குழியிலும் தரை ஓட்டைகளிலும் அழுத்தி வைப்பது பழைய வழி. முழுசாக நிற்காது, ஆனால் சாமான்களை மேலே ஏற்ற நேரம் கிடைக்கும்.

சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தரையிலிருந்து அரையடியாவது உயர்த்திக் கட்டுங்கள். சாக்கடை ஒருமுறை சம்ப்பில் இறங்கிவிட்டால் முழுக்க இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, இன்னொரு முறை அலசும்வரை அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கக்கூடக் கூடாது.

நான்காம் படி: மின்சாரம்

பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாத இடம் இது. 2025 மே 19 அன்று பி.டி.எம். லேஅவுட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில் தேங்கிய மழைநீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது மின்சாரம் தாக்கி இருவர் இறந்தார்கள். ஒருவர் பெரியவர், இன்னொருவர் சின்னப் பையன்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மின்கசிவு வந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போடுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தினால் டக் என்று விழ வேண்டும். தரைத்தள பிளக் பாயின்ட்டுகளுக்குத் தனி எம்.சி.பி. சுவிட்ச் வைத்தால், மாடிக்கு வெளிச்சம் இருக்கும்போதே கீழே அணைக்கலாம். தரையில் உட்கார்ந்திருக்கும் யூ.பி.எஸ்., பேட்டரி இரண்டையும் இரண்டடி உயரத்தில் ஸ்டாண்டு போட்டு ஏற்றுங்கள். மெயின் அணைத்தாலும் யூ.பி.எஸ்.ஸிலிருந்து மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம், அதையும் தனியாக அணைக்க வேண்டும். மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்திலேயே தண்ணீர் நின்றால் தொடாமல் வெளியே வந்து, மின் விநியோகக் கம்பெனியான பெஸ்காமின் 1912-ஐக் கூப்பிடுங்கள்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு மேல் சாய்ந்திருந்தாலும் நாமாக வெட்டக்கூடாது, கர்நாடகாவில் 1976 மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாநகராட்சி வனப்பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள். அந்த மனுவின் நகல் ஒன்று பாலிசிக் கோப்பில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: பாலிசி

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசியைக் கட்டாயம் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான், பிரீமியமும் சேவையும்தான் மாறும். இதை முதலில் கேளுங்கள். வேறு பெயரில் வண்ணப் புத்தகம் நீட்டினால், இதைவிட அதில் என்ன கூடுதல் என்று கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடலாம்.

இதில் தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர் டேங்கோ குழாயோ வெடிப்பது அல்லது நிரம்பி வழிவது, மரமோ வண்டியோ வந்து மோதுவது எல்லாம் சேர்த்தி. காம்பவுண்டுச் சுவர், கேட், பார்க்கிங், தண்ணீர் டேங்க், சோலார் பேனல் எல்லாம் கட்டடக் கணக்கில் வரும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வெள்ளத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனபின் யாராவது புகுந்து திருடினால், சம்பவம் நடந்து 7 நாட்களுக்குள் என்றால் அதற்கும் காப்பு உண்டு. எட்டாம் நாள் போனால் கிடையாது.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? இங்கேதான் ஏஜென்ட் குழப்புவார், நாமும் குழம்புவோம். வீட்டின் விற்பனை விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிலம் எங்கேயும் போகாது. திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வெளிச்சுவர்களை விட்டு உள்ளே புழங்கும் தரைப்பரப்பை, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். உங்கள் வீடு 1,100 சதுர அடி, மேஸ்திரி சதுர அடிக்கு 2,200 ரூபாய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 24 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். மனை உட்பட ஒன்றரைக் கோடி பெறும் வீடாக இருந்தாலும் கட்டடத் தொகை இதுதான். இதனால்தான் பிரீமியம் நாம் பயப்படுகிற அளவுக்கு இருப்பதில்லை.

வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், தானாகவே சேரும். மேலே சொன்ன வீட்டுக்கு 4 லட்சத்து 84 ஆயிரம். ஃபிரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின், கட்டில், பீரோ, துணிமணி எல்லாவற்றையும் இன்று புதிதாக வாங்கினால் அதைத் தாண்டுமா என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். தாண்டினால் கூடுதல் தொகையை எழுதிக் கொடுத்துவிடலாம். பத்து வருடம் வரை சேர்த்து எடுக்கலாம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட பாலிசியில் கட்டடத் தொகை வருடம் 10 சதவீதம் தானாகவே ஏறும்.

இந்தப் பாலிசியில் எனக்குப் பிடித்த அம்சம், குறைக்காப்பீட்டுக் கழிவு கிடையாது என்பது. முன்பெல்லாம் 20 லட்சம் பெறும் கட்டடத்தைப் 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சம்தான் தருவார்கள். இப்போது அந்தப் பாதிக் கணக்கு இல்லை. அதற்காக வேண்டுமென்றே பரப்பளவைக் குறைத்து எழுதக் கூடாது.

இனி, தராதவை. கார், பைக் இந்தப் பாலிசியில் வராது, அவற்றின் சொந்தப் பாலிசிதான். பேஸ்மென்ட்டில் மூழ்கிய காரை ஸ்டார்ட் பண்ணி என்ஜினுக்குள் தண்ணீர் இழுத்துவிட்டால், என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு இல்லாமல் அந்தச் செலவு கிடைப்பது கஷ்டம். சாவியையே தொடாதீர்கள், கயிறு கட்டி இழுங்கள். ரொக்கப் பணம் வராது. நகை வேண்டுமென்றால் மதிப்பைச் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும். மின்சாரம் தாறுமாறாக வந்தோ ஷார்ட் ஆகியோ டி.வி. எரிந்தால், இடியால் ஆனாலும்கூட, அந்த டி.வி.க்குப் பணம் கிடையாது. அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் அவற்றுக்கு உண்டு. புதிய கட்டடம் அமரும்போது வரும் விரிசலும், மோசமான கட்டுமானத்தால் வரும் விரிசலும் வராது.

வாடகைக்கோ போக்கியத்துக்கோ இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். எடுக்கவும் வேண்டும், ஏனென்றால் வீட்டுக்காரர் எடுக்கும் பாலிசி உங்கள் ஃபிரிட்ஜைப் பார்க்காது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் அசோசியேஷன் கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். மொத்தக் கட்டடத்துக்கும் பாலிசி இருக்கிறதா? லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் அதில் சேர்ந்திருக்கிறதா? லிஃப்ட் குழியும் மின்பலகையும் பேஸ்மென்ட்டில் இருக்கிற கட்டடங்களில் ஒரு மழைக்கே பல லட்சம் போய்விடும்.

வீட்டுக்கடன் வாங்கியவர்கள் வங்கியே ஒரு பாலிசி போட்டிருக்கும் என்று நிம்மதியாக இருப்பார்கள். நகல் கேட்டு வாங்கிப் படியுங்கள். சில நேரம் அது கடன் தொகைக்கு மட்டும் இருக்கும், சாமான்கள் இருக்காது. சில நேரம் அது வீட்டுப் பாலிசியாகவே இருக்காது, உங்கள் உயிருக்கான பாலிசியாக இருக்கும்.

ஆறாம் படி: ஃபோட்டோக் கோப்பு

இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் போதும். ஃபோனில் வீடியோ போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்து, பீரோ, கிச்சன் அலமாரி எல்லாவற்றையும் திறந்து காட்டுங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண், சீரியல் எண்ணை அருகில் எடுங்கள். பில்களை ஃபோட்டோ எடுத்து மெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். பில் இல்லாத பொருளுக்கு இந்த வீடியோதான் சாட்சி. சுவர், கூரை, மொட்டை மாடி நல்ல நிலையில் இருப்பதையும் மழைக்கு முன் எடுத்து வைத்தால், "பழைய கறை" என்று யாராவது சொல்லும்போது தேதியோடு காட்டலாம். வாட்டர்ப்ரூஃபிங் பில், வால்வு போட்ட பிளம்பர் பில் ஆகியவற்றுக்கும் இதில்தான் இடம்.

தண்ணீர் வந்த ராத்திரி

மின்சாரம் அணைப்பது முதலில். குழந்தைகள், வயதானவர்கள் மாடிக்கு. கேஸ் சிலிண்டரை மூடி, மிதக்காதபடி கட்டுங்கள். பத்திரம், ஆதார், சர்டிஃபிகேட் பை தூக்க வசதியான இடத்தில் இருக்க வேண்டும். அப்புறம்தான் சாமான். தரையில் படுக்கும் பிளைவுட் சாமானைவிட மெத்தையும் துணியும் தூக்க எளிது, அவற்றை முதலில் ஏற்றுங்கள். தரைவிரிப்பை விட்டுவிடுங்கள். சாக்கடைத் தண்ணீரில் ஊறியதை மீண்டும் விரிக்க மனசு வராது.

ஏழாம் படி: கிளெய்ம்

தண்ணீர் நிற்கும்போதே ஃபோட்டோ எடுங்கள், வடிந்தபின் அல்ல. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் மேல் இஞ்ச் டேப்பைப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி ஒவ்வொரு அறையிலும் ஒரு படம். எங்கள் வீட்டுச் சர்வேயர் என் மற்ற பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, இந்த டேப் ஃபோட்டோவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லுங்கள். ஃபோனில் சொல்லிவிட்டு மெயிலும் போட்டு, கிளெய்ம் எண் வாங்குங்கள். சேதம் மேலும் பரவாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை, ஆகவே தண்ணீரை இறைக்கலாம், துடைக்கலாம், ஈரத்தை உலர்த்தலாம். ஆனால் கெட்டுப்போன எதையும் சர்வேயர் பார்க்கும்வரை தூக்கிப் போடாதீர்கள். நாற்றம் தாங்காவிட்டால் மாடியில் ஒதுக்கிவையுங்கள். நனைந்த ஃபிரிட்ஜை "ஓடுதா பார்க்கலாம்" என்று பிளக்கில் சொருகாதீர்கள். ஷார்ட் ஆனால், கெட்டது வெள்ளத்தாலா மின்சாரத்தாலா என்ற வம்பு வரும். கம்பெனி சர்வீஸ் ஆளிடம் எழுத்தில் ரிப்போர்ட் வாங்கினால் போதும்.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 விதிகளின்படி, தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஊரே மூழ்கிய வாரத்தில் தாமதம் ஆகத்தான் செய்யும். அதனால் ஒவ்வொரு முறையும் தேதி போட்டு மெயிலில் கேளுங்கள், ஃபோன் பேச்சுக்குச் சாட்சி இல்லை.

சர்வேயர் வரும்போது வீட்டில் ஒருவர் இருந்து, பட்டியலோடு கூடவே நடக்க வேண்டும். பொருள், வாங்கிய வருடம், இன்றைய புது விலை, ரிப்பேர் எஸ்டிமேட் என்று நான்கு பத்தி போதும். பழைய கறையைச் சேர்க்காதீர்கள். ஒரு பொய் வரி மாட்டிக்கொண்டால் மற்ற உண்மை வரிகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார், எனக்கு நடந்தது அதுதான். இடிபாடு அகற்றும் செலவு கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரையிலும், எஞ்சினியர் கட்டணம் 5 சதவீதம் வரையிலும் பாலிசியிலேயே உண்டு. கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். சேற்றை அள்ளிய லாரிக்காரரிடம் ஒரு ரசீது வாங்குங்கள்.

மறுத்தாலோ குறைத்தாலோ, எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் 155255 எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்பட்ஸ்மேன். கர்நாடகாவுக்கான அலுவலகம் ஜே.பி. நகரில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை எடுப்பார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

பணம் வந்து, வேலையெல்லாம் முடிந்தபின் புதுப்பிக்கும் நேரத்தில் ஒன்றைப் பாருங்கள். மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறீர்களா? கார்ப்பெட் ஏரியா 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால், கம்பெனிக்குச் சொல்லி அதற்கான பிரீமியம் கட்டாதவரை கூடுதல் பகுதிக்குக் காப்பு இல்லை. நாங்கள் மாடியில் பிள்ளைக்கு அறை எடுத்தபோது ஒரு மெயில் அனுப்பித் தொகையைக் கூட்டினோம். கூடுதல் பிரீமியம் அந்த அறைக்கு வாங்கிய கதவின் தாழ்ப்பாள் விலைகூட இல்லை.